புதுப்பிப்பு: கோத்தகிரி மாட்டுக்கொட்டகைக் கழிவுநீர், அமோனியா இறங்கிவிட்டது

கழிவுநீரைச் சுத்திகரிக்க, அது பக்கவாட்டில் ஊர்ந்து போகும்படி கல்வாழை நட்ட கிடைமட்ட ஜல்லிப் படுகை அமைத்திருந்தேன். அதில் அமோனியா ஏன் குறையவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "முன்னால ஒரு செங்குத்துப் படுகை போடுங்க" என்ற யோசனைதான்; அதாவது நீர் மேலிருந்து கீழே வடியும் படுகை. எந்நேரமும் நீர் நிற்கும் ஜல்லியில் ஆக்சிஜன் இல்லை. அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்களுக்கு அது இல்லாமல் வழியே இல்லை. இப்போது 80 செ.மீ. ஆழ மணல் படுகை. டைமர் வைத்து நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மோட்டார் ஓடிக் கழிவுநீரை அதன்மேல் ஊற்றுகிறது. இடையில் நீர் முழுக்க வடிந்து காற்று இறங்குகிறது. இங்கே உருவாகும் நைட்ரேட்டை, ஆக்சிஜன் இல்லாத பழைய ஜல்லிப் படுகை நைட்ரஜன் வாயுவாக்குகிறது. அதற்குக் கார்பன் வேண்டும் என்பதால் கழிவுநீரில் கொஞ்சத்தை நேராக அங்கேயே விட்டிருக்கிறேன்.

எதிர்பாராதது ஒன்று: பத்தாம் நாள் பிஎச் 6-க்குக் கீழே போய் எல்லாம் நின்றுவிட்டது. 1 கிராம் அமோனியா நைட்ரஜன் மாற சுமார் 7 கிராம் காரத்தன்மை (அமிலத்தைச் சமன் செய்யும் திறன், கால்சியம் கார்பனேட் கணக்கில்) செலவாகும். நம்ம மலைத் தண்ணீரில் அது சொற்பம். நுழைவாயிலில் ஒரு சாக்குக் கிளிஞ்சல் கொட்டியதும் மீண்டது. சுண்ணாம்புத் தூள் வேண்டாம், மணலை அடைத்துவிடும்.

10 டிகிரிக்குக் கீழே அமோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் மந்தமாகும். உறைபனி மாதங்களில் படுகைக்குக் கழிவுநீர் வரத்தைக் குறைத்துவிடுங்கள்.