குச்சிக்கிழங்குக் காட்டில் மோல் பொறி வைத்தேன், மண்தான் மாட்டுகிறது. உதவி தேவை

கிழங்குக்காடு_வாழப்பாடி
ஞாயிறு, இரவு 9.12

வணக்கம். வாழப்பாடிப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. ஏழாம் மாதம் நடக்கிறது. மேலே பார்த்தால் செடி பச்சைப்பசேலென்று நிற்கிறது, ஒரு குறையும் தெரியாது. போன வாரம் வரப்போரம் ஒரு செடி மட்டும் லேசாகச் சாய்ந்திருந்ததால் பிடுங்கிப் பார்த்தேன். ஒற்றைக் கையோடு வந்துவிட்டது. ஐந்து கிழங்கில் மூன்று வெறும் தோல். உள்ளே இருந்த சதையைக் கீழிருந்தே சுரண்டித் தின்றுவிட்டு, தோலை உறை மாதிரி விட்டிருக்கிறது. கட்டைவிரலால் அமுக்கினால் காலிப் பற்பசைக் குழாய் போல ஒடுங்குகிறது, ஓரத்தில் ஈர மண் பிதுங்குகிறது.

பக்கத்தில் புதுமண் குவியல்கள். நெட்டில் தேடியபோது இங்கிலாந்துக்காரர் ஒருவர் தன் புல்வெளியில் இதே மாதிரிக் குவியலைக் காட்டி, கத்தரி போல ஓர் இரும்புப் பொறியை மண்ணுக்குள் இறக்கி, மறுநாளே பிடித்துக் காட்டினார். பிடிபட்டது மோலாம். நானும் அதே மாதிரிப் பொறி இரண்டு வரவழைத்தேன். 1,450 ரூபாய். ஆறு ராத்திரி வைத்தாயிற்று. காலையில் போனால் பொறி மூடியிருக்கும், வாயில் மண்கட்டி இருக்கும். இரண்டு நாள் பொறியே புதைந்து கிடந்தது, தோண்டித்தான் எடுத்தேன்.

ஸ்பிரிங் போதவில்லையா? இரை வைக்க வேண்டுமா? அந்த வீடியோவில் இரையே வைக்கவில்லை.

இன்னொன்று. காட்டில் நாங்கள் தங்கும் சாளையை ஒட்டிய மாட்டுக் கட்டுத்தரையிலும் பெரிய வளை ஒன்று இருக்கிறது. மாத்திரை போட்டு மூடிவிடு என்கிறார் பக்கத்துக் காட்டுக்காரர். அது கடையில் கிடைக்குமா?

அயோத்தியாப்பட்டணம்_பையன்
ஞாயிறு, இரவு 9.20

மசால் வடை வைங்கண்ணா. பிள்ளையார் வாகனம் வேறு எதற்கு மசியும்?

குடோன்_எலிக்காரன்
ஞாயிறு, இரவு 10.45

தம்பி, முதலில் ஒரு விஷயம். தமிழ்நாட்டில் மோல் கிடையாது. மாட்டாததற்குப் பொறியைக் குறை சொல்லாதீங்க, அது வேறு பிராணிக்குச் செய்த பொறி.

நான் பதினான்கு வருஷம் பெஸ்ட் கண்ட்ரோலில் இருந்தேன், பெரும்பாலும் சேலம், ஆத்தூர் பக்கத்துக் குடோன்களில். கிழங்கு மில், அரிசி மில், நூல் குடோன் எல்லாம் பார்த்தாயிற்று. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மோல் என்பது எலி இனமே இல்லை. மண்புழுவும் புழுபூச்சியும் தின்னும் பிராணி. கிழங்கைத் தொடாது. புல்லுக்கடியில் தனக்கென்று நிரந்தரமாக ஒரு சுரங்கப் பாதை வைத்துக்கொண்டு, காவல்காரன் மாதிரி அதிலேயே திரும்பத் திரும்ப ஓடும். அந்தப் பாதையில்தான் பொறியை இறக்குகிறார்கள். பொறியின் நடுவில் சின்னத் தகடு ஒன்று இருக்கும், பார்த்திருப்பீங்க. தன் பாதையில் மண் சரிந்து கிடக்கிறதே என்று மோல் அதைத் தள்ள, தகடு நழுவ, இரண்டு தாடையும் சேர்ந்துவிடும். அதனால்தான் இரை கிடையாது. அதன் பழக்கம்தான் இரை. இங்கிலாந்திலும் 2006 வரை மண்புழுவில் ஸ்டிரிக்னின் என்ற கடும் நஞ்சைத் தடவி வைத்துக்கொண்டிருந்தார்கள். அது நின்ற பிறகுதான் பொறிக்காரர்களுக்கு மறுபடி மவுசு வந்தது.

உங்கள் காட்டில் இருப்பது பெருச்சாளி வகை. அது வளை தோண்டும்போது உள்மண்ணை வாசலுக்குத் தள்ளும், சில நேரம் வாசலை மண்ணால் அடைத்துவிட்டு உள்ளே படுக்கும். நீங்கள் அதன் குப்பை கொட்டும் இடத்தில் பொறி வைத்திருக்கிறீர்கள். மண் மாட்டாமல் என்ன செய்யும்?

இதைச் சொல்லுங்க: வாசல் எத்தனை அங்குலம்? புழுக்கை எந்த அளவு? கட்டுத்தரை வளையும் காட்டு வளையும் ஒரே அளவா?

மாத்திரை விஷயம் தனியாகச் சொல்கிறேன், அதற்குள் போய் வாங்கிவிடாதீங்க.

கிழங்குக்காடு_வாழப்பாடி
திங்கள், காலை 7.05

நன்றிங்கண்ணா. இப்போதுதான் அளந்துவிட்டு வந்தேன். காட்டு வளை மூன்று அங்குலம் இருக்கும். வரப்பில் மட்டும் ஒன்பது வாசல், அதில் நான்கு மண்ணால் அடைத்திருக்கிறது. கட்டுத்தரை வளை ஐந்து அங்குலத்துக்கு மேல், என் கை மணிக்கட்டுக்கு மேலும் போகிறது (இனிமேல் விடமாட்டேன்). தவிட்டு மூட்டைக்குப் பின்னால் புழுக்கை, என் சுண்டுவிரல் நுனி அளவு. போன மாதம் ராத்திரி அங்கே எதுவோ உறுமியது. பன்றிக்குட்டி என்று நினைத்து அம்மா விளக்கைப் போட்டார், ஒன்றும் இல்லை.

குடோன்_எலிக்காரன்
திங்கள், பகல் 1.30

உறுமியது பெருச்சாளியேதான். தெலுங்கில் பந்திக்கொக்கு, பன்றி எலி என்று அர்த்தம். ஆங்கிலத்துக்காரர்கள் பேண்டிகூட் என்பது அதிலிருந்து போனதுதான். ஆக உங்களிடம் இருப்பது இரண்டு ஆள். கட்டுத்தரையில் பெரிய பெருச்சாளி, ஒரு கிலோ வரை வரும். காட்டில் அதன் தம்பி, சின்ன வகை, கால் கிலோவை ஒட்டி இருக்கும். அவனுக்கு ஆங்கிலத்தில் மோல் எலி என்றும் ஒரு பெயர் உண்டு. உங்கள் குழப்பம் அங்கேதான் ஆரம்பித்திருக்கும். கிழங்கைத் தின்பது அவன்.

முதல் வேலை, எந்த வளையில் ஆள் இருக்கிறது என்று பார்ப்பது. சாயங்காலம் எல்லா வாசலையும் ஈர மண்ணால் மூடுங்க, காலால் மிதித்துவிடுங்க. காலையில் எது திறந்திருக்கிறதோ அல்லது புதுமண் தள்ளியிருக்கிறதோ அங்கேதான் வேலை. ஒன்பது வாசல் என்றால் ஒன்பது எலி என்று பயப்படாதீங்க. ஒரு வளைக்கு நான்கைந்து வாசல் இருக்கும். குட்டியோடு இருக்கும் தாயைத் தவிர, காட்டில் பெரும்பாலும் வளைக்கு ஒன்றுதான்.

காட்டுக்குக் கிட்டி வைங்க. மூங்கில் பட்டையை வில்லாக வளைத்து நாண் கட்டியது, தஞ்சாவூர்க் கிட்டி என்பார்கள். இரையை இழுத்தால் நாண் கழுத்தில் இறங்கும், சட்டென்று முடிந்துவிடும். இரண்டு மூன்று போதாது. ஒன்றரை ஏக்கருக்கு ஐம்பதாவது வேண்டும், வாடகைக்கு வைத்துக் கொடுப்பவர்கள் இருந்தால் அதுவே லாபம். வரப்போரம், திறந்த வளையிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி. கிழங்குக்காட்டில் கிழங்கையே இரையாக வைக்காதீங்க. காடு முழுக்க அதுதானே கிடக்கிறது, உங்கள் துண்டைத் தேடி ஏன் வரும்? பொரி, வறுத்த கடலை, கருவாட்டுத் துண்டு வைங்க.

கட்டுத்தரைக்கு இரும்புக் கூண்டு. கடையில் தொங்குகிற சின்ன எலிக்கூண்டு வேண்டாம், பெருச்சாளி உள்ளே போனாலும் பின்பக்கம் வெளியே நிற்கும், கதவு விழாது. இரண்டடி நீளத்துக்குத் தடித்த வெல்டு மெஷ்ஷில் இருக்க வேண்டும். சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெல்டிங் பட்டறையில் சொன்னால் செய்து தருவார்கள். சுவரை ஒட்டி வைங்க, நடுத்தரையில் அது நடக்காது. முதல் மூன்று ராத்திரி கதவைக் கம்பியால் கட்டித் திறந்தே வைத்து, இரையை மட்டும் போடுங்க. அது புதுப் பொருளைக் கண்டால் ஒதுங்கும். தின்று பழகட்டும், நான்காம் நாள் கம்பியை அவிழ்த்தால் போதும். கூண்டின் மேல் ஒரு செங்கல் வைக்க மறக்காதீங்க, உள்ளே மாட்டியது குதித்துக் கவிழ்த்துவிடும். மாட்டிய கூண்டைச் சோப்புப் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். எலி வாசம் இருந்தால் அடுத்தது சுலபமாக வரும். கையுறை இல்லாமல் மட்டும் தொடாதீங்க. எலிக்காய்ச்சல் அதன் மூத்திரத்தில் இருந்துதான் வருகிறது, காலில் சேற்றுப்புண் இருந்தாலே போதும்.

இப்போது மாத்திரை. அவர் சொல்வது அலுமினியம் பாஸ்பைடு. ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயு வரும், அதற்கு முறிமருந்து இல்லை. அரசு அமைப்புகளுக்கும் உரிமம் உள்ள பெஸ்ட் கண்ட்ரோல் ஆட்களுக்கும் மட்டும்தான் விற்கலாம். அந்த உரிமத்துக்கு வேளாண்மைப் பட்டமோ வேதியியல் படித்த அறிவியல் பட்டமோ வேண்டும், அதோடு மைசூரு சி.எஃப்.டி.ஆர்.ஐ. (உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம்) போன்ற இடத்தில் 15 நாள் பயிற்சியும் வேண்டும். இவ்வளவு கெடுபிடி சும்மா வைக்கவில்லை. கட்டுத்தரை வளையின் இன்னொரு வாசல் எங்கே என்று உங்களுக்குத் தெரியுமா? சாளைக்குள் நீங்கள் படுக்கும் இடத்துக்கு அடியில் இருந்தால்? நான் உரிமம் உள்ளவர்களோடு வேலை செய்தவன். மனிதர் படுக்கும் கட்டடத்தை ஒட்டிய வளையில் ஒருநாளும் போட்டதில்லை, போடச் சொன்ன முதலாளியிடம் வேலையை விட்டும் வந்திருக்கிறேன். 2024 நவம்பரில் குன்றத்தூரில் எலி மருந்து வைத்த வீட்டில் இரண்டு குழந்தைகள் போன செய்தி எல்லோருக்கும் நினைவிருக்கும்.

ஏற்காடு_மிளகுக்கொடி
திங்கள், இரவு 8.15

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் காபித் தோட்டத்தில் கூண்டுதான் வைக்கிறோம், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. போன வருஷம் ஸ்டோர் ரூம் பக்கத்துக் கூண்டில் காலையில் அணில் மாதிரி ஒன்று உட்கார்ந்திருந்தது. ஆனால் மூஞ்சி நீளம், முதுகில் கோடு இல்லை. தோட்டத்துப் பெரியவர் பார்த்ததும் மூங்கில் அணத்தான் என்றார். நம் சேர்வராயன் மலையில் இருக்கிற மர மூஞ்சூறு அது. ஆராய்ச்சிக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் அனத்தனா என்ற பெயரே இந்தத் தமிழ்ப் பெயரில் இருந்து எடுத்ததாம். கதவைத் திறந்ததும் ஒரே ஓட்டம். அடிக்கும் பொறி என்றால் செத்திருக்கும். வனத்தை ஒட்டிய இடத்தில் இருப்பவர்கள் இதையும் யோசியுங்கள்.

விஷமும் நாங்கள் வைப்பதில்லை. எலியைத் தின்ன வரும் கூகையும் சேர்ந்து போகும்.

அயோத்தியாப்பட்டணம்_பையன்
திங்கள், இரவு 8.40

எங்கள் பாட்டி வீட்டில் கடையில் வாங்கிய பசை மருந்தைத் தேங்காய்ச் சில்லில் தடவி வைப்பார்கள். அது ஆகாதா?

குடோன்_எலிக்காரன்
திங்கள், இரவு 9.30

மஞ்சள் பாஸ்பரஸ் பசை என்றால் தமிழ்நாட்டில் தடை. பாட்டி வீட்டில் பழைய ட்யூப் மிச்சம் இருந்தால் குழந்தைகள் கையில் சிக்காமல் அப்புறப்படுத்துங்க. ஈரல் போய்விடும், இரண்டு நாள் ஒன்றும் தெரியாது, அப்புறம் பார்த்தால் நேரம் கடந்திருக்கும்.

விஷம்தான் வைக்க வேண்டும் என்றால் புரோமடயலோன் கட்டி, அதுவும் பூட்டு உள்ள பெட்டிக்குள். அதற்கு வைட்டமின் கே1 என்று முறிமருந்தாவது இருக்கிறது. தின்றது உடனே சாகாது, சில நாள் ஆகும். குடோன்களில் நாங்கள் பெட்டிக்கு எண் போட்டு, வரைபடம் வைத்து, எந்தப் பெட்டியில் எவ்வளவு குறைந்தது என்று நோட்டில் எழுதுவோம். சினிமாவில் வருகிற மாதிரி எலியைத் துரத்துவது எல்லாம் இல்லை, வேலையில் பாதி அந்த நோட்டுதான்.

காட்டு எலி பிடிக்க வருபவர்கள் உங்கள் பக்கம் இருந்தால் அவர்களைக் கேளுங்க. பானையில் வைக்கோலைப் புகைய விட்டு வளைக்குள் ஊதி, தோண்டிப் பிடிப்பார்கள். ஆனால் சமீபத்தில் மருந்து வைத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்க. அவர்கள் அதைச் சமைத்துச் சாப்பிடுவார்கள்.

விவசாயம்_மூன்றாம்_வருஷம்
செவ்வாய், காலை 6.50

ஒரு சின்னச் சேர்க்கை. அகலமான வரப்பு, அதன்மேல் புதர், இரண்டும் இருந்தால் எத்தனை பிடித்தாலும் வேறு எலி வந்து குடியேறும். வரப்பைச் செதுக்கி ஒல்லியாக்குங்கள். அவை மூன்று வாரச் சினையில் ஆறு ஏழு குட்டி போடும், அதனால் பக்கத்துக் காட்டுக்காரரும் அதே வாரத்தில் இறங்க வேண்டும். சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ, மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் என்று இருக்கிற ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்திலோ நேரில் கேட்டால் உங்கள் காட்டுக்கு ஏற்றபடி சொல்வார்கள்.

கிழங்குக்காடு_வாழப்பாடி
பன்னிரண்டு நாள் கழித்து, இரவு 8.00

எல்லோருக்கும் நன்றி. கணக்கு சொல்கிறேன், நானும் நோட்டு போட்டுவிட்டேன்.

வளை மூடிப் பார்த்ததில் ஒன்பது வாசலில் நான்குதான் திறந்தது. கிட்டி வைக்கும் பெரியவர் ஒருவர் கிடைத்தார், அறுபது கிட்டி கொண்டுவந்தார். முதல் ராத்திரி ஏழு, இரண்டாம் ராத்திரி நான்கு, மூன்றாம் நாள் ஒன்று. என் கருவாட்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நெல்லை லேசாகப் பொரித்துக் கொண்டுவந்திருந்தார். விடியுமுன்னே எடுத்துவிடணும், இல்லையென்றால் நாய் கிட்டியோடு தூக்கிக்கொண்டு போய்விடும் என்றார், அப்படியே ஒன்றைக் காணோம்.

கட்டுத்தரைக் கூண்டு ஆறு நாள் சும்மா கிடந்தது. தவிட்டு மூட்டை இருக்கும்போது இரையை யார் சீண்டுவார் என்று அம்மாதான் சொன்னார். மூட்டையைத் தகர டிரம்முக்கு மாற்றிய மறுநாள் மாட்டியது. செங்கல் வைத்தும் கூண்டு அரை அடி நகர்ந்திருந்தது. இன்னொரு வாசல், அண்ணன் சொன்ன மாதிரியே, சாளைத் திண்ணைக்கு அடியில். தோண்டிக் கல்லும் கம்பி வலையும் சிமெண்டும் போட்டு அடைத்துவிட்டேன். மாத்திரை சொன்னவரைக் கூட்டிவந்து அந்த வாசலைக் காட்டினேன், ஒன்றும் பேசவில்லை. அவர் காட்டிலும் இந்த வாரம் கிட்டி வைக்கிறார்.

மோல் பொறி இரண்டும் புதுசாகவே இருக்கிறது, திருப்பி அனுப்பும் நாள் முடிந்துவிட்டது.

ஊட்டி_புல்வெளி
பன்னிரண்டு நாள் கழித்து, இரவு 9.10

அந்தப் பொறிகளை எனக்கு விற்பீர்களா? எங்கள் கெஸ்ட் ஹவுஸ் புல்வெளியிலும் மண் குவியல் இருக்கிறது. இது குளிர்ப் பிரதேசம்தானே.

குடோன்_எலிக்காரன்
பன்னிரண்டு நாள் கழித்து, இரவு 9.14

ஊட்டியிலும் மோல் கிடையாதுங்க. வாசல் எத்தனை அங்குலம்?