தெரிந்தும் ஏன் குதிக்கிறான்? 15 வயது மகனைப் பற்றி ஒரு கேள்வி

பத்தாங்_அம்மா எழுதியது:

வணக்கம். நாங்கள் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தையில் இருக்கிறோம். பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றி எத்தனையோ வருடமாகிவிட்டது, ஆனால் எங்கள் வாயில் இன்னும் பத்தாங்தான். வீட்டுக்காரர் செம்பனை லாரி ஓட்டுகிறார், எனக்கு ரவாங்கில் தொழிற்சாலை வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். மகனுக்கு 15 வயது, படிவம் 3.

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கச்சி மகள் டிக்டாக்கில் ஒரு வீடியோவைக் காட்டினாள். ஊருக்கு வெளியே இருக்கும் பழைய ஈயக்குட்டை, ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நிற்கும் இடம். ஓரத்தில் துருப்பிடித்த இரும்புச் சட்டம் ஒன்று நிற்கிறது, அதன் மேல் ஐந்தாறு பையன்கள், நடுவில் என் மகன். கூட்டாளிகள் "ஒன்னு, ரெண்டு, மூனு" என்று கத்துகிறார்கள், இவன் குதிக்கிறான். தண்ணீருக்குள் போன தலை மேலே வர ஏழு நொடி ஆனது. அந்த வீடியோவை எத்தனை முறை போட்டுப் பார்த்தேன் என்று தெரியாது, ஒவ்வொரு முறையும் அந்த ஏழு நொடி முடியும்வரை எனக்கு மூச்சு வரவில்லை.

எனக்குப் புரியாதது இதுதான். அந்தக் குட்டை ஆபத்து என்று அவனுக்குத் தெரியும். இவனுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது எங்கள் பக்கத்தில் ஒரு பையன் குட்டையில் விழுந்து இறந்தபோது அழுதவன் இவன், தன் தங்கச்சியை அந்தப் பக்கமே போகக்கூடாது என்று மிரட்டியவன். இப்போது உட்கார வைத்துக் கேட்டாலும் கடகடவென்று சொல்கிறான்: கரையிலிருந்து நாலு அடி வைத்தால் திடீரென்று ஆழம், அடியில் சேறு, பழைய இரும்பு எங்கே கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. "அப்புறம் ஏன்டா குதிச்ச?" என்றேன். "தெரியலம்மா, எல்லாரும் இருந்தாங்க" என்கிறான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

அவன் அப்பா கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிட்டார், ரோத்தானையும் (பிரம்பு) எடுத்துவிட்டார். இனி அந்தப் பையன்களோடு பேச்சே இருக்கக்கூடாது என்கிறார். இரண்டு நாளாக வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. கூட்டாளி சரியில்லையா, நான் வளர்த்தது சரியில்லையா? பிள்ளை வளர்த்தவர்கள், பள்ளியில் வேலை செய்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஆலோசக_ஆசிரியை எழுதியது:

அக்கா, பேராக்கில் ஓர் இடைநிலைப்பள்ளியில் 14 வருடமாக ஆலோசக ஆசிரியையாக இருக்கிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், உங்கள் வளர்ப்பில் குறை தேடாதீர்கள். "எல்லாரும் இருந்தாங்க" என்று மகன் சொன்னதைச் சாக்கு என்று நினைத்துவிடாதீர்கள், அவன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான்.

2005இல் அமெரிக்காவில் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மொத்தம் 306 பேர், மூன்று வயதுக் குழு: 13 முதல் 16 வரை, 18 முதல் 22 வரை, 24க்கு மேல். எல்லோருக்கும் கணினியில் ஒரு கார் விளையாட்டு. மஞ்சள் விளக்கு எரியும், அதற்குப் பிறகும் ஓட்டிக்கொண்டே போனால் புள்ளி கூடும், ஆனால் எந்த நேரத்திலும் எதிரே சுவர் வந்து மோதலாம். தனியாக உட்கார்ந்து ஆடியபோது மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே அளவுதான் துணிந்தது. அதாவது 14 வயதுப் பையனும் 30 வயது ஆளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. பக்கத்தில் தன் வயதுக் கூட்டாளிகள் இரண்டு பேர் உட்கார்ந்ததும் பெரியவர்களிடம் எந்த மாற்றமும் இல்லை, நடுக்குழுவில் பாதி மடங்கு கூடியது, பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் இரண்டு மடங்கானது.

2011இல் ஸ்டைன்பெர்க் சேர்ந்த இன்னொரு குழு மூளையைப் படம் பிடித்தபடி இதே மாதிரி ஒரு விளையாட்டை ஆட வைத்தது. இந்த முறை கூட்டாளிகள் பக்கத்தில்கூட இல்லை, அடுத்த அறையிலிருந்து திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலே போதும், இளம் பிள்ளைகளின் மூளையில் பரிசு கிடைக்கும்போது விழித்துக்கொள்ளும் பகுதி கூடுதலாக வேலை செய்தது. பெரியவர்களிடம் அப்படி இல்லை. இப்போது அந்த டிக்டாக் வீடியோவை நினைத்துப் பாருங்கள். சட்டத்தின் மேல் ஐந்து பேர், கைப்பேசிக்குப் பின்னால் இன்னும் எத்தனை பேரோ.

பருவம் வரும்போது இந்தப் பரிசுப் பகுதி சீக்கிரமே சூடேறிவிடுகிறது. நில், யோசி என்று பிடித்து நிறுத்தும் முன்மூளைப் பகுதி முழுதாக முதிர 20 வயதுகளின் நடுப்பகுதி ஆகும். அமைதியாக இருக்கும்போது 16 வயதுப் பிள்ளை பெரியவர்கள் மாதிரியே யோசிக்கும். அதனால்தான் சாப்பாட்டு மேசையில் உங்கள் மகன் அத்தனை சரியாகப் பதில் சொன்னான். ஈயக்குட்டையில் நின்றபோது அவனுக்கு அந்த அறிவு இல்லாமல் போகவில்லை, கூட்டாளிகளின் சத்தம் அதைவிடக் கனமாகிவிட்டது, அவ்வளவுதான்.

"இந்த வயதுப் பசங்களுக்குத் தங்களுக்கு ஒன்றும் ஆகாது என்ற நினைப்பு" என்று நிறையப் பேர் சொல்வார்கள். அதுவும் அவ்வளவு சரியில்லை. பல ஆபத்துகளை அவர்கள் உள்ளதைவிடப் பெரிதாகவே மதிப்பிடுகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால் "செத்துப்போவ" என்று நூறு தடவை சொல்லிப் பெரிய பயன் இருக்காது. அது அவனுக்கு ஏற்கெனவே தெரியும்.

கப்சாய்_தம்பி எழுதியது:

அக்கா நான் 23 வயசு, கூலிம் பக்கம், சின்னத் தோட்டத்தில்தான் வளர்ந்தேன். உங்க மகன் இடத்தில் நான் இருந்திருக்கேன் அதனால் எழுதுகிறேன்.

எங்கள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டில் நாங்கள் பதினொரு பேர்தான், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், ஆசிரியர்களுக்கு என் தாத்தா பேர் வரை தெரியும், அங்கிருந்து புகுமுக வகுப்புக்கு என்று ஒரு பெரிய இடைநிலைப்பள்ளியில் கொண்டுபோய் விட்டார்கள், முதல் நாள் ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலையில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், அது இன்னும் ஞாபகம் இருக்கு. அப்போது "இங்க வாடா" என்று ஒரு மேசையிலிருந்து கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து அவர்கள் எது சொன்னாலும் நான் செய்தேன். யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை. யாரும் கட்டாயப்படுத்தவே இல்லை. திரும்பவும் அந்தத் தட்டோடு நிற்கக்கூடாது என்கிற பயம் ஒன்றே போதுமாக இருந்தது.

முதலில் வேப், அப்புறம் லைசென்ஸ் இல்லாமல் மாமா மோட்டார், அப்புறம் ராத்திரியில் செம்பனைக் காட்டு ரோட்டில் சூப்பர்மேன், அதாவது சீட்டில் குப்புறப் படுத்துக் காலை நீட்டி ஓட்டுவது. தனியாக இருக்கும்போது ஒரு தடவைகூட நான் அப்படி ஓட்டியதில்லை அக்கா. ஒரு தடவைகூட. பின்னால் நாலு மோட்டார் விளக்கு தெரிந்தால்தான் அந்த வேகம் வரும். 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் பாசிக்கால் லாஜாக், அதாவது வேகத்துக்காக மாற்றியமைத்த சைக்கிள், ஓட்டின பிள்ளைகள் எட்டுப் பேர் விடியற்காலையில் கார் மோதி இறந்தார்களே, எல்லாம் 13லிருந்து 16 வயசு, அந்தச் செய்தியைப் பார்த்த அன்று நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தோம். அடுத்த வாரம் திரும்ப ஓட்டினோம்.

எனக்கு 17இல் கால் உடைந்தது, கம்பி வைத்தார்கள். மருத்துவமனைக்கு மூன்று கூட்டாளிகள் வந்தார்கள், அதில் ஒருத்தன் தனியாக இருந்தபோது மெதுவாகச் சொன்னான், "எனக்கும் அன்னைக்கு ஓட்டப் பிடிக்கலடா, நீ ஓட்டுறியேன்னு ஓட்டினேன்." நானும் அவனுக்காகத்தான் ஓட்டினேன். ஐந்து பேரும் மற்ற நாலு பேரை நினைத்துப் பயந்துகொண்டு இருந்திருக்கிறோம், அதை ஒருத்தன் வாய் திறந்து சொல்லியிருந்தால் போதும்.

அப்பா கூட்டாளிகளைச் சுத்தமாக வெட்டிவிடச் சொல்கிறார் என்றீர்கள். என் அப்பாவும் அதையே செய்தார். நான் ஒளிந்து போனேன், அதுதான் நடந்தது.

பழைய_லயம் எழுதியது:

ஆசிரியை சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் மூளை என்று சொன்னால் அது எங்கள் காலத்திலும் இதே மூளைதானே அம்மா. எனக்கு வயது 64, என் அப்பா தோட்டத்தில் மண்டோர், அதாவது கங்காணி. நாங்களும் மழையில் ஆற்றைக் கடந்தவர்கள்தான், கித்தாக் காட்டில் ஒளிந்து சிகரெட் பிடித்தவர்கள்தான்.

வித்தியாசம் எங்கே என்றால், லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், நான் எங்கே திரும்பினாலும் ஒரு கண் இருந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிறவர்கள் பார்ப்பார்கள், ஆயாக் கொட்டகைக் கிழவி பார்ப்பாள், மாடு மேய்க்கிறவர் பார்ப்பார். ஆற்றங்கரையில் நான் சட்டையைக் கழற்றினால் வீடு போய்ச் சேருமுன் அம்மாவுக்குச் செய்தி போயிருக்கும். அடித்ததும் அப்பா மட்டும் இல்லை, யார் பிள்ளையையும் யாரும் கேட்கலாம் என்று இருந்தது. சாயங்காலம் திடலில் பந்து, வெள்ளிக்கிழமை கோயிலில் பஜனை, தீமிதி வந்தால் பையன்களுக்கு ஆளுக்கொரு வேலை, விறகு சுமக்கிறதும் பந்தல் போடுகிறதும் அவர்கள்தான். "இவன் எங்க ஆளு" என்று பெரியவர்கள் சொல்ல ஓர் இடம் இருந்தது.

அப்புறம் தோட்டத்தைத் துண்டாடினார்கள், விற்றார்கள், லயத்தை இடித்தார்கள். எங்களை மலிவு விலை அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். நாலாம் மாடியில் இருப்பவருக்கு மூன்றாம் மாடிப் பையன் பேர் தெரியாது. அந்த "எங்க ஆளு" என்ற வார்த்தையை இப்போது யார் சொல்கிறார்கள்? படிக்கட்டுக்குக் கீழே மோட்டாரில் உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார் சொல்கிறார்கள். சட்டையில் தங்கள் கும்பலின் எண்ணைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். 2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டதே, அதைப் படித்தபோது இந்தப் படிக்கட்டுதான் என் நினைவுக்கு வந்தது. ஈயக்குட்டை அதில் சின்ன ஆபத்து, அதைச் சொல்லவே மனம் கஷ்டப்படுகிறது.

ரோத்தான் விஷயத்தில் நான் பழைய ஆள். பிள்ளைக்குப் பயம் வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

ஆலோசக_ஆசிரியை எழுதியது:

ஐயா, அந்தக் கண்களைப் பற்றி நீங்கள் எழுதியதை என் பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் சொல்லப்போகிறேன். ரோத்தானில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை, மன்னியுங்கள். பயந்த பிள்ளை செய்வதை நிறுத்துவதில்லை, சொல்வதை நிறுத்திவிடுகிறது. அதுவும் கூட்டாளிகள் எதிரில் அடித்துவிட்டால் அடுத்த நாளே போன மானத்தை மீட்க இன்னும் பெரிதாக ஏதாவது செய்வான்.

மூத்த_மகள் எழுதியது:

எல்லோரும் பையன்களைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு 19 வயது. பெண் பிள்ளைகளுக்குக் குட்டையும் மோட்டாரும் இல்லை, கைப்பேசிக்குள்தான் எல்லாம் நடக்கும். "படம் அனுப்பு, எல்லாரும் அனுப்புறாங்க" என்று ஒருத்தன் கேட்பான், அனுப்பவில்லை என்றால் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள், மறுநாள் வகுப்பில் யாரும் பேச மாட்டார்கள். என் தோழி ஒருத்தி அனுப்பினாள். அதன் பிறகு நடந்ததை இங்கே எழுத முடியாது. அவள் வீட்டில் சொல்ல ஐந்து மாதம் ஆனது, காரணம் அப்பாவின் கோபம். அக்கா, உங்கள் மகளிடமும் இப்போதே பேசிவிடுங்கள்.

பத்தாங்_அம்மா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கூலிம் தம்பி எழுதியதை மகனிடம் படித்துக் காட்டினேன். அந்தத் தட்டு விஷயம் வந்ததும் எழுந்து அறைக்குப் போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து அவனே வந்து, "எனக்கும் அப்படித்தாம்மா இருந்துச்சு" என்றான். இரண்டு வருடமாக எனக்குத் தெரியவில்லை. மகளிடம் நாளைக்குப் பேசுகிறேன். ஆசிரியை அம்மா, நான் வேலைக்குப் போய்விடும் நேரத்தில் என்னதான் செய்வது?

ஆலோசக_ஆசிரியை எழுதியது:

அக்கா, நான் பெற்றோரிடம் வழக்கமாகச் சொல்வதைச் சொல்கிறேன், உங்கள் வீட்டுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அவனுக்கு ஒரு தப்பிக்கும் வழி வேண்டும், அதுவும் மானம் போகாத வழி. வாட்ஸ்அப்பில் உங்களுக்கு ஒரு புள்ளி மட்டும் அனுப்பட்டும். அதைப் பார்த்ததும் நீங்கள் அழைத்து, மற்றவர்களுக்கும் கேட்கும்படி "எங்கடா இருக்க, உடனே வீட்டுக்கு வா" என்று சத்தம் போடுங்கள். "எங்கம்மா ஒரு தொல்லைடா" என்று உங்கள் மேல் பழியைப் போட்டுவிட்டு அவன் வந்துவிடுவான். வந்த பிறகு அன்று இரவு ஏன், எதற்கு என்று ஒரு கேள்வியும் கேட்கக்கூடாது, அதுதான் கஷ்டம். நீங்கள் வேலையில் இருக்கும்போது உங்கள் தங்கச்சியோ நம்பிக்கையான ஒரு மாமாவோ அந்தப் புள்ளியை வாங்கிக்கொள்ளட்டும். இதற்குக் கைப்பேசி வேண்டும், அதனால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீட்டிலேயே இரண்டு தடவை ஒத்திகை பாருங்கள், பதற்றத்தில் புதிதாக எதுவும் தோன்றாது.

கூட்டாளிகளை வெட்டாதீர்கள், வீட்டுக்குக் கூப்பிடுங்கள். மீ கோரேங் போட்டுக் கொடுத்துவிட்டு நீங்கள் அடுப்படியில் இருந்தால் போதும். அம்மா பக்கத்தில் இருந்தபோது பதின்ம வயதுப் பிள்ளைகள் கார் விளையாட்டில் துணிவது குறைந்தது என்று 2015இல் ஏவா டெல்சர் குழு வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பழைய லயத்து ஐயா சொன்ன கண்ணும் அதுதான். அப்புறம் அவனுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள், சிலம்பமோ பூப்பந்தோ ஃபுட்சலோ, நாலு பேர் கைதட்டும் இடம் ஒன்று அவனுக்கு இருக்கட்டும். பள்ளி முடிந்து நீங்கள் வரும்வரை உள்ள நேரத்தை அங்கே வையுங்கள். கும்பல் ஆட்கள் நெருங்குவதாகத் தெரிந்தால் காத்திருக்காமல் பள்ளி ஆலோசகரிடம் போங்கள், தாலியான் காசிஹ் என்ற அரசாங்க உதவி எண் 15999க்கும் அழைக்கலாம்.

பழைய_லயம் எழுதியது:

பத்தாங் பக்கம் கோயில் திருவிழா வருகிறதா என்று விசாரியுங்கள் அம்மா. பந்தல் வேலைக்கு ஆள் தேடுவார்கள். ஐந்து பேரையும் சேர்த்தே அனுப்புங்கள்.

பத்தாங்_அம்மா எழுதியது:

சனிக்கிழமை எனக்குக் காலை ஷிப்ட், இரண்டு மணிக்கு வீட்டில் இருப்பேன். ஐந்து பேரையும் சாப்பிட வரச் சொல்லிவிட்டேன். அவன் அப்பா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ராத்திரி லாரியைக் கழுவிவிட்டு வந்து, "கோழி நான் வாங்கிட்டு வரேன்" என்று மட்டும் சொன்னார். புள்ளி ஒத்திகை ஒரு தடவை பார்த்தோம், நான் போட்ட சத்தம் போதவில்லை என்று மகன் சொல்கிறான்.