“எனக்கும் கணக்கு வராது” என்று பிள்ளையிடம் சொல்லலாமா?

கட்டமிட்டதாள்:

என் மகனுக்குப் பத்து வயது. நேற்று இரவு வீட்டுப்பாட நோட்டை மூடிவைத்துவிட்டு, “அம்மா, எனக்குக் கணக்கு வராது” என்றான். நான் யோசிக்கவே இல்லை. “எனக்கும் வராதுடா, பரவாயில்லை, விடு” என்று சொல்லிவிட்டேன். அவன் நிம்மதியாகத் தூங்கிவிட்டான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

எனக்குக் கணக்கு எந்த நாளில் நின்றுபோனது என்பது நன்றாக நினைவிருக்கிறது. ஐந்தாம் வகுப்பு. கரும்பலகையில் 1/2 + 1/3. நான் எழுந்து போனேன். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து, ஆகவே 2/5. எழுதும்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஆசிரியை சுண்ணக்கட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, வகுப்பைப் பார்த்து “இதைப் பாருங்கள்” என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை, அடிக்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் நோட்டில் அதே விடையைத்தான் எழுதியிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. தெரிந்து என்ன பயன்?

அதன் பிறகு கணக்கு வகுப்பில் எனக்கு ஒரே வேலைதான்: ஆசிரியர் கண்ணில் படாமல் இருப்பது. முன்னால் இருப்பவளின் முதுகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் சாய்வேன். அந்த வேலையைப் பள்ளி முடியும்வரை குறையில்லாமல் செய்தேன்.

சிலருக்குப் பாட்டு வராது, சிலருக்குப் படம் வரைய வராது. அதை யாரும் குற்றமாகப் பார்ப்பதில்லை. கணக்கு வராதவர்களை மட்டும் ஏன் விடுவதில்லை? என் மகனை நான் விட்டுவிட நினைக்கிறேன். தவறா?

வகுமீதி:

தவறுதான் அம்மா. முப்பத்தொரு ஆண்டுகள் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன். வருவதற்கும் வராமல் போவதற்கும் கணக்கு என்ன விருந்தாளியா?

முதலில் உங்கள் 2/5-ஐப் பார்ப்போம். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. இரண்டு முறை பந்தெறிந்து ஒரு முறை கூடையில் போட்டீர்கள். பிறகு மூன்று முறை எறிந்து ஒரு முறை போட்டீர்கள். மொத்தம் எத்தனைக்கு எத்தனை? ஐந்துக்கு இரண்டு. நீங்கள் செய்தது சரியான கணக்கு, ஆனால் கேட்கப்பட்டது வேறு கேள்வி. இப்படி மேலோடு மேல், கீழோடு கீழ் கூட்டினால் கிடைக்கும் பின்னம் எப்போதும் அந்த இரண்டுக்கும் நடுவில் விழும். இதைப் பற்றி 1816-இல் ஜான் ஃபேரி என்ற ஆங்கிலேயர் எழுதினார். அவர் நிலவியல்காரர், கணித மேதை அல்லர். இன்றும் ‘ஃபேரி வரிசை’ என்று அவர் பெயரைச் சொல்லித்தான் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள்.

உங்கள் ஆசிரியை ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்: “2/5 பெரியதா, அரை பெரியதா?” அரைதான் பெரியது. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு அது அரையைவிடக் குறையுமா? இந்தக் கேள்வியை நீங்களே கேட்டுக்கொண்டிருந்தால் உங்கள் கையாலேயே அழித்துவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள். ஒரு படி தவறியது. அதற்கு மேல் இருந்த படிகள் எல்லாம் அந்தரத்தில் நின்றன. இதை ‘வராது’ என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். என்னிடம் படித்தவர்களில் உண்மையிலேயே முடியாதவன் என்று ஒருவனையும் நான் பார்த்ததில்லை.

ஏழெட்டு:

ஐயா, பார்த்திருப்பீர்கள். அடையாளம் தெரிந்திருக்காது.

எனக்கு எண் கற்றல் குறைபாடு. டிஸ்கால்குலியா என்பார்கள். 29-ஆவது வயதில்தான் சோதித்துச் சொன்னார்கள். அதுவரை நான் சோம்பேறி. மேசையில் நான்கு புள்ளிகள் இருந்தால் உங்களுக்கு எண்ணாமலேயே ‘நான்கு’ என்று தெரியும். எனக்கு மூன்றையே எண்ணித்தான் பார்க்க வேண்டும். 7 × 8 எத்தனை என்று என் அப்பா ஒரு கோடை விடுமுறை முழுவதும் தினமும் காலையில் கேட்டார். மாலையில் தெரியும். மறுநாள் காலையில் போயிருக்கும். ஐம்பத்தாறு என்று இப்போது எழுதுகிறேனே, அதுகூடத் தேடிப் பார்த்து எழுதியதுதான். என் புனைபெயர் எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

நம் மொழியின் எண் பெயர்களும் எனக்கு ஒத்தாசை செய்யவில்லை. ஒன்பதுக்குள் ஒரு ‘பது’ இருக்கிறது, அது பத்துக்கு முந்தையது. தொண்ணூறுக்குள் நூறு இருக்கிறது, அது நூறு ஆகவில்லை. தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் இருக்கிறது, அதுவும் ஆயிரம் ஆகவில்லை. எட்டு, எண்பது, எண்ணூறு என்று ஒழுங்காக வந்துகொண்டிருந்த வரிசை ஒன்பதில் மட்டும் ஒரு படி மேலே தாவுகிறது. மற்றப் பிள்ளைகள் அதை அப்படியே விழுங்கிக்கொண்டார்கள். நான் ‘தொண்ணூற்று ஒன்று’ என்று கேட்டால் 101 என்று எழுதினேன். பல ஆண்டுகள்.

இருபது பேரில் ஒருவருக்கு இந்தக் குறைபாடு இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. முப்பத்தொரு ஆண்டுகளில் உங்கள் வகுப்புகளில் எத்தனை பேர் இருந்தார்கள் ஐயா? அந்தக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு வராது.

அக்கா, உங்கள் கட்சிதான் நானும். பையனை விடுங்கள்.

இரவுப்பணி:

விடாதீர்கள்.

நான் செவிலியர். பள்ளியில் கணக்கில் கடைசி வரிசை. பயிற்சியின்போது முதன்முதலில் சொட்டு மருந்துக் கணக்கு போடச் சொன்னார்கள்: 500 மில்லிலிட்டர் திரவம், நான்கு மணி நேரத்தில் ஏற வேண்டும், குழாயில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? என் கை நடுங்கியது. 500-ஐ 20-ஆல் பெருக்கினால் பத்தாயிரம் சொட்டு. நான்கு மணி நேரம் என்பது 240 நிமிடம். வகுத்தால் ஏறக்குறைய 42. இப்போது தூக்கக் கலக்கத்திலும் சொல்வேன். அன்று அரை மணி நேரம் ஆனது, இரண்டு முறை தப்பாகவும் வந்தது.

“பரவாயில்லை, விடு” என்று யாராவது சொல்லியிருந்தால் அன்றே பயிற்சியை விட்டு ஓடியிருப்பேன். என்னை ஓடவிடாத மூத்த செவிலியர் ஒருவர் இருந்தார். அன்பாகப் பேசியதாக நினைவில்லை. “விடையைப் போட்டுவிட்டாய் அல்லவா, இனி அதை நோயாளியின் பக்கத்தில் நின்று சொட்டாக எண்ணிப் பார்” என்றார். எண்ணிப் பார்த்தேன். பதினைந்து நொடிக்குப் பத்தோ பதினொன்றோ விழுந்தது. எண் என்பது கண்ணெதிரே விழும் ஒரு பொருள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நேர்கோடு:

இரவுப்பணி சகோதரி, உங்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நீங்கள் கற்றது ஒரு சூத்திரம். அதைக் கணிதம் என்று சொல்லலாமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

நான் மறுகரை. பள்ளியில் என்னைக் ‘கணக்குப் புலி’ என்பார்கள். விருந்தினர் வந்தால் அப்பா என்னைக் கூப்பிட்டு, “47-ஐ 53-ஆல் பெருக்கு” என்பார். 2491 என்று உடனே சொல்வேன். (ஐம்பதுக்கு மூன்று குறைவு, மூன்று கூடுதல், 2500-இல் ஒன்பதைக் கழித்தால் முடிந்தது. வித்தை இவ்வளவுதான், ஆனால் யாருக்கும் சொன்னதில்லை.) கணிதத்தையே பட்டப்படிப்பாக எடுத்தேன். முதல் ஆண்டிலேயே கேள்விகள் ‘கணக்கிடுக’ என்பதிலிருந்து ‘நிறுவுக’ என்று மாறிவிட்டன. வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பெருக்க ஒன்றும் இல்லை. என் பக்கத்தில் இருந்தவன் சில்லறை எண்ணவே தடுமாறுவான். ஒரே நிறுவலோடு மூன்று நாள் உட்கார்ந்திருப்பான், நான்காம் நாள் கொண்டுவருவான். இரண்டாம் ஆண்டில் நான் பாடத்தை மாற்றிக்கொண்டேன். அவன் மாற்றவில்லை.

ஆகவே கணக்கு வேறு, கணிதம் வேறு. கூட்டலைத் தப்பில்லாமல் செய்யத் தனக்கு முடியாது என்று எழுதிவைத்தவர் ஆன்ரி புவான்கரே, அவர் காலத்துக் கணிதவியலாளர்களில் தலையானவர். என் பள்ளிக்கூடப் புகழ் முழுவதும் தப்பான பொருளுக்குக் கிடைத்த பரிசு.

வகுமீதி ஐயாவிடமும் எனக்குச் சண்டை உண்டு. ஒவ்வொருவருக்கும் ஓர் உச்சவரம்பு இருக்கிறது. நான் என்னுடையதில் தலையை இடித்துக்கொண்டவன். எல்லோராலும் முடியும் என்று சொல்வது கேட்க இனிமையாக இருக்கும், முடியாதவனுக்கு அது இரட்டைத் தண்டனை.

எட்டிப்பார்த்தவன்:

ஐன்ஸ்டைனே பள்ளியில் கணக்கில் தோற்றவர்தானே. அவர் என்ன குறைந்துபோனார்?

நேர்கோடு:

தோற்கவில்லை நண்பரே. 1895-இல், வழக்கமான வயதுக்கு முன்பே, ஜூரிக் தொழில்நுட்பக் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதினார். பொதுப் பாடங்களில் தேறவில்லை. கணிதத்திலும் இயற்பியலிலும் நன்றாகவே செய்திருந்தார். இந்த வதந்தி அவர் உயிரோடு இருந்தபோதே பரவி, அவரே மறுத்துவிட்டார். பதினைந்து வயதுக்கு முன்பே நுண்கணிதம் கற்றவர் அவர். உதாரணம்தான் வேண்டும் என்றால் ஈரானில் பிறந்த கணிதவியலாளர் மரியம் மீர்சாகானியைச் சொல்லுங்கள். பள்ளியில் ஓர் ஆண்டு கணக்கில் சரியாகச் செய்யவில்லை, அவருக்குத் திறமை இருப்பதாக ஆசிரியர் நினைக்கவில்லை, அவரும் ஆர்வத்தை இழந்தார். அடுத்த ஆண்டு வேறு ஆசிரியர் வந்தார், நிலைமை மாறியது. 2014-இல் கணிதத்தின் மிக உயர்ந்த பரிசுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றார். அதைப் பெற்ற முதல் பெண்.

ஏழெட்டு:

கோடியில் ஒருத்தியைக் காட்டி மிச்சமுள்ளவர்களுக்குப் புத்தி சொல்வதற்கு ஒரு பெயர் இருந்தால் நல்லது.

வகுமீதி:

நேர்கோடு தம்பி எனக்கு எதிராகப் பேச வந்து எனக்காகவே சாட்சி சொல்லியிருக்கிறார். ஆசிரியர் மாறியதும் நிலைமை மாறியது என்று அவரே எழுதியிருக்கிறார். உச்சவரம்பு என்கிறீர்கள். இருக்கட்டும். பல்கலைக்கழகத்து நிறுவல்களுக்கு ஒரு வரம்பு இருக்கலாம். பத்து வயதுப் பையனின் பின்னக் கணக்குக்கு என்ன வரம்பு? பேச்சு பின்னத்தைப் பற்றி.

ஏழெட்டு தம்பிக்கு. இரண்டு நாளாக உங்கள் பதிவுக்குப் பதில் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஒரு பையன் நினைவுக்கு வந்தான். பாடத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் அழகாகப் பேசுவான். கடிகாரம் பார்க்கத் தெரியாது. ஏழாம் வகுப்பு. வேண்டுமென்றே செய்கிறான் என்று நினைத்து, மணி அடிக்கும் பொறுப்பை அவனுக்குக் கொடுத்தேன். கட்டாயம் வந்தால் கற்றுக்கொள்வான் என்பது என் கணிப்பு. ஒரு வாரம் எல்லா மணியும் தப்பாக அடித்தது. பள்ளியே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த அம்மாவின் ஆசிரியையைப் பற்றி மேலே அவ்வளவு கறாராக எழுதியவன் நான்.

‘ஒருவனையும் பார்த்ததில்லை’ என்று எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ‘விடுங்கள்’ என்பதை மட்டும் இப்போதும் ஒப்பமாட்டேன். உங்களுக்கு 29 வயதில் செய்த சோதனையை ஒன்பது வயதில் செய்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டதுதானே உங்களுக்கு நடந்தது?

ஏழெட்டு:

ஆமாம். அது சரிதான்.

நேர்கோடு:

கட்டமிட்டதாள் அவர்களுக்கு ஒன்று. கணக்கு என்றால் நடுங்குகிறவர்களைப் பற்றி 2012-இல் ஓர் ஆய்வு வந்தது. கணக்கு வரப்போகிறது என்று தெரிந்த கணத்தில் அவர்கள் மூளையில் வலியோடு தொடர்புடைய பகுதிகள் விழித்துக்கொள்கின்றன. கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும்போது அப்படி இல்லை. வலி காத்திருப்பதில்தான். முன்னால் இருப்பவளின் முதுகுக்குப் பின்னால் நீங்கள் ஒளிந்த கதையைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.

2015-இல் இன்னொன்று. அது ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றியது. கணக்குப் பயம் உள்ள பெற்றோர் வீட்டுப்பாடத்துக்கு அடிக்கடி உதவிய வீடுகளில் பிள்ளைகள் அந்த ஆண்டு குறைவாகக் கற்றார்கள், அவர்களுக்கும் பயம் கூடியது. பயம் இருந்தும் அதிகம் உதவாத பெற்றோரின் பிள்ளைகளிடம் அது தெரியவில்லை. இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

இரவுப்பணி:

அதற்காக அந்த அம்மா மகன் பக்கத்தில் உட்காரக் கூடாதா? நல்ல ஆய்வு. பயத்தை அவன் தலையில் கட்டாமல் உட்கார வேண்டும், அவ்வளவுதான். விடை தெரியாதவள் விடை சொல்லித்தரப் போவதால்தான் வம்பு. தெரியாது என்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்தால் என்ன?

கட்டமிட்டதாள்:

எல்லோருக்கும் நன்றி. ஆய்வைப் படித்து ஒரு மணி நேரம் அழுதேன், பிறகு உட்கார்ந்தேன்.

அவனிடம் 1/2 + 1/3 கேட்டேன். 2/5 என்றான்! என் தொண்டை அடைத்துக்கொண்டது. வகுமீதி ஐயா சொன்ன கேள்வியைக் கேட்டேன்: “அது அரையைவிடப் பெரியதா, சின்னதா?” கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஐந்து கட்டம் வரைந்து இரண்டுக்கு வண்ணம் அடித்தான். சின்னது என்று அவனுக்கே தெரிந்தது. “அப்படியானால் தப்பு” என்றான், ஏதோ வேறு யாரோ செய்த தப்பைக் கண்டுபிடித்ததுபோல.

பிறகு அதே ஐந்து கட்டத்தில் பாதி அடிக்கப் பார்த்தான். மூன்றாவது கட்டத்தை நடுவில் வெட்ட வேண்டி வந்தது, அதில் அவனுக்குக் கோபம். பத்து கட்டம் வரைந்தான். பாதி ஒழுங்காக வந்தது, மூன்றில் ஒன்று வரவில்லை. “அம்மா, எத்தனை கட்டம் போட்டால் இரண்டும் வரும்? உனக்குத் தெரியுமா?” என்றான். எனக்கு உடனே தெரியவில்லை. தெரியாது என்றேன். நாளைக்குப் பார்க்கிறேன் என்று நோட்டைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டான். அவன் தூங்கிய பிறகு நானும் ஒரு தாளில் வரைந்து பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டேன். எழுப்பிச் சொல்லிவிடலாமா என்று இருக்கிறது.

வகுமீதி:

சொல்லாதீர்கள்.

ஏழெட்டு:

அவனிடம் சொல்ல வேண்டாம். என்னிடம் சொல்லிவிடுங்கள் அக்கா, நானும் பத்து கட்டத்தில்தான் நிற்கிறேன்.