வீட்டில் நீண்ட நேரம் போன் கதைப்பது: உங்கள் அனுபவம் என்ன?

ரயில்பாதையோரம், வெள்ளவத்தை

அக்கா டொரொன்டோவில். அவவுக்கு இரவு 9 மணி என்றால் எங்களுக்கு விடிய 6.30, அங்கே குளிர்காலம் என்றால் 7.30. பிள்ளைகளைப் படுக்கவிட்டு அவ ஆறுதலாகக் கதைக்கிற நேரம் அதுதான். பாணந்துறைப் பக்கமிருந்து கொழும்புக் கோட்டைக்கு அலுவலக ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகிற நேரமும் அதுதான். மெரைன் டிரைவ் பக்கம் இருக்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

உள்ளே அம்மாவின் டிவி, குசினியில் குக்கர். அதனால் பல்கனியில் நின்று கதைப்பேன். போன மாதம் ஒருநாள் அக்கா குரல் தழுதழுக்க ஏதோ சொல்லத் தொடங்கினா. அந்த நேரம் பார்த்து ரயில். கடைசிப் பெட்டி கடக்கும்வரை போனைக் காதோடு அமத்திப் பிடித்தேன், ஒரு சொல்கூட விளங்கவில்லை. "என்னக்கா சொன்னனீங்கள்?" என்று கேட்டேன். "ஒண்டுமில்லை, நீ அம்மாவைப் பார்" என்றா. பிறகு அவ அந்தக் கதையை எடுக்கவேயில்லை. அதுதான் மனதை அரிக்கிறது. வீட்டுக்குள்ளேயே ஒரு மணித்தியாலம் நிம்மதியாகக் கதைக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

கொட்டாஞ்சேனை, இரண்டாம் மாடி

எனக்குச் சத்தம் இல்லை, கைதான் பிரச்சினை. மனைவி தோஹாவில் வேலை. இரவு கட்டிலில் சாய்ந்து, முழங்கையை மடித்துப் போனைப் பிடித்தபடி ஒன்றரை மணித்தியாலம் போகும். ஒருநாள் கதைத்து முடித்துத் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினேன். சின்ன விரலும் மோதிர விரலும் என்னுடையவை மாதிரியே இல்லை. கோப்பை நழுவி மடியில் கொட்டியது. முழங்கைக்குப் பின்னால் எலும்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறதாம், கையை மடித்தே வைத்திருந்தால் அது இழுபடும் என்று டொக்டர் சொன்னார். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனைச் செருகுகிற பழக்கத்தையும் விடச் சொன்னார். இப்போது வயர் இயர்போன், போன் சட்டைப்பையில். விரல்கள் சரியாகிவிட்டன.

தெஹிவளை அம்மம்மா

காதுக்குள் எதையும் செருகாதீர்கள் பிள்ளைகள். எனக்கு அரை மணித்தியாலத்திலேயே காது நோகும். நான் ஸ்பீக்கரில் போட்டு, சாய்மனைக் கதிரைக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டு முருங்கையிலை உருவுவேன். இரண்டு கையும் சும்மா இருக்கும். பேத்தி லண்டனில். போன கிழமை அவ கதைத்துக்கொண்டிருக்க, மடியில் கிடந்த குழந்தை கொட்டாவி விட்ட சத்தம் கேட்டது. இன்னும் நேரில் பார்க்காத பிள்ளை. இலையை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பம்பலப்பிட்டி பிளாட்

அம்மம்மா சொல்வது தனி வீட்டுக்குச் சரி. பிளாட்டில் ஸ்பீக்கர் கூடவே கூடாது. எங்கள் குளியலறை யன்னல்கள் எல்லாம் ஒரே காற்றுக்கூண்டுக்குள்தான் திறக்கும். தங்கச்சியின் கலியாணப் பேச்சு குழம்பிய விஷயத்தை அண்ணாவுக்கு ஸ்பீக்கரில் சொன்னேன். அடுத்தநாள் லிஃப்டுக்குள் மேல்மாடி அன்ரி தங்கச்சியிடமே, "கவலைப்படாத பிள்ளை, வேற இடம் வரும்" என்றா. தங்கச்சி என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ரவுட்டர் தம்பி, மட்டக்குளி

2022 மார்ச் கடைசியில் ஒருநாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போது பெரியப்பாவுடன் கதைத்துக்கொண்டிருக்கும்போது ரவுட்டர் செத்தது. அவர் பாதி வசனத்தில் நின்றார். என் கதை அவ்வளவுதான்.

வெள்ளவத்தை அக்காவுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. முதலில் பல்கனியை விடுங்கள். அலுமாரியும் மெத்தையும் தடித்த திரைச்சீலையும் உள்ள உள்ளறைக்குப் போங்கள், துணி சத்தத்தைக் குடிக்கும். வெறும் ஓட்டுத் தரையும் வெள்ளைச் சுவருமாக இருந்தால் உங்கள் குரலே எதிரொலிக்கும். போனின் மைக் பெரும்பாலும் கீழ் விளிம்பில்தான் இருக்கும், அதைத் தலையணைக்குள் புதைக்காதீர்கள். புளூடூத் போட்டால் பாட்டு நன்றாகக் கேட்கும், மைக் வேலை செய்யத் தொடங்கியதும் பல செட்டுகளில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரித் தடித்துவிடும். நீண்ட கதைக்கு வயர் இயர்போன்தான் நல்லது, அதைச் சார்ஜ் பண்ணத் தேவையில்லை. ஒரு காதில் மட்டும் போட்டால் அம்மா கூப்பிடுவதும் கேட்கும். ஆனால் ரயில் நேரத்தில் இரண்டு காதிலும் போடுங்கள். கதிரைக்குக் கைபிடி இருக்க வேண்டும். தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். ரவுட்டருக்குச் சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்குங்கள். வாங்க முதல் ரவுட்டர் அடாப்டரில் ஒட்டியிருக்கிற வோல்டைப் பாருங்கள், பலதுக்கு 12 வோல்ட், சிலதுக்கு 9. மாறிக் கொடுத்தால் ரவுட்டர் பழுதாகலாம்.

கொட்டாஞ்சேனை, இரண்டாம் மாடி

தம்பி, அவ கேட்டது யூபிஎஸ் இல்லையே. அக்கா அழுததை.

ரயில்பாதையோரம், வெள்ளவத்தை

இல்லை அண்ணா, தம்பி சொன்னதும் உதவியது. அம்மாவின் அறையில் சேலை அலுமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவில் கதிரை போட்டேன். வயர் இரண்டு காதிலும். யன்னலைச் சாத்தியதால் வியர்த்துக் கொட்டியது, ஃபேனைக் குறைத்து வைத்தேன். 7 மணி ரயில் போனது, கதிரை மட்டும் லேசாக அதிர்ந்தது. அக்கா அந்தப் பக்கம் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. "எங்க நிண்டு கதைக்கிற, இவ்வளவு அமைதியா இருக்கு?" என்று கேட்டா. சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அண்டைக்கு ரயில் போனதே..." என்று தொடங்கினா.

அதை இங்கே எழுதமாட்டேன். ஒன்றேகால் மணித்தியாலம் கதைத்தோம்.