கவலை, யோசனை, ஏக்கம்: நம்ம பக்கம் எதை எப்போது சொல்வீர்கள்?

ஹட்டன் தம்பி:
மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்காக மனநலம் பற்றி ஒரு சின்னத் துண்டுப்பிரசுரம் எழுதுகிறேன். முதல் வரியில் "உங்களுக்குக் கவலை இருக்கிறதா?" என்று போட்டு, கொழுந்து நிறுக்கிற இடத்தில் சில அக்காமாருக்கு வாசித்துக் காட்டினேன். எல்லோரும் இல்லை என்றார்கள். அதில் ஒருவரே கொஞ்ச நேரத்தில், "ஒரே யோசனதான் தம்பி, ராவுல தூக்கமே இல்ல" என்கிறார். மனப்பதற்றத்துக்குச் சுகாதாரப் புத்தகங்களில் வரும் 'பதகளிப்பு' இங்கே யார் வாயிலும் வருவதில்லை. எந்தச் சொல்லைப் போடுவது?

பண்டாரவளை டீச்சர்:
தம்பி, நம்ம பேச்சில் கவலைக்குத் துக்கத்தின் சாயல் கூட. செத்தவீட்டுக்குப் போய்வந்து "கவலையா இருக்கு" என்போம், நடந்து முடிந்ததற்குத்தான் அது. யோசனை அப்படியில்லை, இனி வரப்போவதைப் பற்றியது: இந்த மாசம் எத்தனை பேர் (சம்பளத்துக்குக் கணக்கிடும் வேலைநாள்) விழும், சீட்டுக்காசை எப்படிக் கட்டுவது, மகன் ஓ.எல் பரீட்சை முடித்தால் கொழும்புக் கடைக்கு அனுப்புவதா மேலே படிக்க வைப்பதா என்று ஒன்றையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு கிடப்பது. அதனால்தான் ஆறுதல் சொல்லும்போதும் "யோசிக்காதீங்க" என்கிறோம். யோசனை என்றே போடுங்கள், அவர்களுக்கு உடனே பிடிபடும்.

பழஞ்சொல் பிரியன்:
சங்கப் பாட்டுகளில் 'கவலை' என்றால் பிரிந்து போகிற பாதை என்றும் பொருள் உண்டு. எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கிற மனசுக்கும் அதே சொல். அப்படிப் பார்த்தால் அந்தப் பழைய கவலை டீச்சர் சொல்கிற யோசனைக்குத்தான் கிட்ட இருக்கிறது.

கொஸ்லந்தைக்காரி:
மழைப் பயத்தை விட்டுவிடாதீர்கள், அது யோசனையில் சேராது. 2014 ஒக்டோபர் 29 காலையில் எங்கள் பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்கள் (தோட்டத்து வரிசை வீடுகள்) புதைந்த பிறகு, இந்தப் பக்கம் ஐப்பசி மழை இறங்கினாலே "நெஞ்சு திக்கு திக்குங்குது", "வயித்தக் கலக்குது" என்றுதான் சொல்வார்கள், கவலை என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் ஹட்டன் பக்கம் பெரிய மழை வைகாசி, ஆனியில் வரும், அந்த நேரத்தில் கேட்டுப் பாருங்கள். வெளியே போன ஆள் இருட்டியும் வீடு திரும்பவில்லை என்றால் அது தவிப்பு, "இருப்புக் கொள்ளல" என்போம். ஆள் வாசலுக்கு வந்ததும் அது போய்விடும், யோசனை அப்படிப் போகாது. இரண்டையும் ஒரே கேள்வியில் போட்டுக் குழப்பாதீர்கள்.

பண்டாரவளை டீச்சர்:
இன்னொன்று, ஏக்கம். அம்மா வெளிநாட்டு வீட்டுவேலைக்குப் போய், பாட்டியிடம் வளர்கிற பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். சாப்பாடு குறையும், அடிக்கடி காய்ச்சல் வரும், பாட்டி "புள்ள ஏங்கிப்போச்சு" என்பார். அந்த ஒரு சொல்லில் பிரிவும் இருக்கிறது, நோயும் இருக்கிறது. 'கவலையுள்ள பிள்ளை' என்று எழுதினால் அந்தப் பாட்டிக்கு அது தன் பேரனைப் பற்றியது என்றே தோன்றாது.

ஹட்டன் தம்பி:
மிக்க நன்றி. முதல் வரியை இப்படி மாற்றிவிட்டேன்: "ஒரே யோசனையா இருக்கா? நெஞ்சு திக்கு திக்குங்குதா? தூக்கம் வரலையா?" அடியில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தைப் போடுகிறேன். ஏக்கத்தைப் பாட்டிமாருக்கென்று தனித் தாளாக எழுதலாமா டீச்சர்?

பண்டாரவளை டீச்சர்:
தனியாகவே எழுதுங்கள், எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள். வாசிக்கத் தெரியாத பாட்டிமாரும் இருக்கிறார்கள், பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் யாராவது சத்தமாக வாசித்துக் காட்டவும் ஒழுங்கு செய்யுங்கள்.