சேற்று வயலில் நிற்கிற கொக்கு எப்படி வெள்ளையாகவே இருக்கிறது?

வயல்வரப்பு:
எங்கள் பக்கம் நடவு வேலை நடக்கிறது. சேடை ஓட்டுகிற டிராக்டர் பின்னாலேயே கொக்குக் கூட்டம் போகிறது, சக்கரம் வாரி அடிக்கிற சேறு எங்கள் மேலெல்லாம் தெறிக்கிறது, பக்கத்தில் நிற்கிற கொக்கை மட்டும் விட்டுவிடுமா என்ன. ஆனால் சாயங்காலம் மரத்தில் வந்து அடையும்போது பார்த்தால் அப்பழுக்கில்லாத வெள்ளை. வீட்டுக் கோழி இதற்கு நேர் எதிர், சும்மா இருக்கிற உடம்பில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறது. அம்மாவைக் கேட்டால் "செல்லு அரிக்குது, அதான்" என்கிறார் (கோழி உடம்பில் ஊறுகிற பொடிப்பூச்சியைத்தான் செல்லு என்போம்). மண்ணைப் போட்டால் எப்படிச் சுத்தமாகும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காட்டுவழி:
முதலில் கீழே கிடக்கிற ஒரு காக்கை இறகை எடுத்து, தண்டிலிருந்து கிளம்புகிற இழைகளை விரலால் பிரித்து விடுங்கள், நடுவே ஒரு பிளவு விழும். அப்புறம் அடியிலிருந்து நுனி வரை மெதுவாக நீவினால் பிளவு இருந்த இடமே தெரியாது. ஒவ்வோர் இழையிலும் இன்னும் நுண்ணிய இழைகள், அவற்றில் கொக்கிகள், அவை பக்கத்து இழையை ஜிப் மாதிரி மாட்டிப் பிடித்துக்கொள்கின்றன. பறவை அலகால் கோதும்போது நடப்பது இதுதான், விட்டுப்போன கொக்கிகளை மாட்டுகிறது, கூடவே தூசியையும் பேனையும் எடுக்கிறது.

வால் தொடங்கும் இடத்தில் மேல்பக்கம் ஒரு எண்ணெய்ச் சுரப்பி உண்டு, கோழி சமைக்கிறவர்கள் வெட்டி எறிகிற அந்தச் சின்ன முனைதான். அதை அலகால் அழுத்தி எண்ணெய் எடுத்து உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும். இறகு வறண்டு ஒடியாமல் இருக்க அந்த எண்ணெய் வேண்டும், கிருமிகளையும் அது மட்டுப்படுத்தும். தண்ணீர் ஒட்டாததற்கும் எண்ணெய்தான் காரணம் என்று பலர் சொல்வார்கள், ஆனால் அதில் பெரும்பங்கு அந்தக் கொக்கிப் பின்னலுக்கு. அதனால்தான் சேறு உள்ளே ஊறாமல் மேலோடு நிற்கிறது. வால்பாறைப் பக்கம் பெரிய இருவாட்சிப் பறவையைப் பார்த்தவர்களுக்கு அதன் கழுத்தும் இறக்கைப் பட்டையும் மஞ்சளாக இருப்பது ஞாபகம் இருக்கும், அது வெள்ளை இறகில் இந்த எண்ணெய் ஏறியதால் வந்த நிறம்.

மாடிப்புறா:
கொக்கு விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. கொக்கு இனத்துக்கு மார்பிலும் தொடைப் பக்கத்திலும் தனியாக ஒருவகை மென்தூவி உண்டு. அது மற்ற இறகைப் போல உதிர்ந்து முளைப்பதில்லை, வளர்ந்துகொண்டே இருக்கும், நுனி நொறுங்கி நொறுங்கிப் பொடியாகிவிடும். மீனின் வழவழப்போ சேறோ பட்ட இடத்தில் அந்தப் பொடியைத் தேய்க்கும், பொடி அழுக்கை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு நகத்தால் வாரி எடுத்துவிடும். அதன் நடுவிரல் நகத்தைக் கிட்டத்தில் பார்த்தால் உள்விளிம்பு பல் பல்லாக வெட்டியிருக்கும். (உண்ணிக்கொக்கின் தலையில் இனப்பெருக்கக் காலத்தில் ஏறுகிற காவி நிறம் அழுக்கு இல்லை, அது இறகின் நிறமே.)

புறாவுக்கும் இந்தப் பொடி உண்டு. என் புறாக்கள் குளித்து முடித்த தட்டில் தண்ணீர் மேல் வெள்ளையாக ஒரு படலம் மிதக்கும். கண்ணாடி ஜன்னலில் புறா மோதினால் இறக்கை விரித்த உருவம் அப்படியே பதிந்திருப்பதும் இதனால்தான்.

கோழிக்கூடு:
அம்மா சொன்னது பாதி, மீதி அந்த எண்ணெயில் இருக்கிறது. பூசின எண்ணெய் நாளாக நாளாகப் பழசாகிப் பிசுக்கு ஏறும், அடித்தூவி ஒட்டிப் போகும். காய்ந்த புழுதி இந்தப் பிசுக்கை உறிஞ்சுகிறது. கவனித்துப் பாருங்கள், கோழி முதலில் குழி பறித்து உட்காரும், இறகைச் சிலிர்த்துக்கொண்டு இறக்கையாலும் காலாலும் மண்ணை உள்ளே ஏற்றும், பக்கவாட்டில் படுத்துத் தேய்க்கும், கடைசியில் எழுந்து ஓர் உதறு உதறும். பிசுக்கு அந்த மண்ணோடு போய்விடும், பேனும் செல்லும் குறையும். சிட்டுக்குருவி, கௌதாரி, மயில் எல்லாம் இதைச் செய்யும்.

இதைச் செய்தே ஆகவேண்டும் என்கிற உந்துதல் அதற்கு எவ்வளவு பலமானது என்றால், கம்பிக் கூண்டில் அடைத்த முட்டைக் கோழி மண்ணே இல்லாத வெறும் கம்பிமேல் படுத்து அதே அசைவுகளை எல்லாம் செய்யும். அந்தக் கூண்டுகளை என்னால் ஏற்கவே முடியவில்லை. கோழி வளர்க்கிறவர்கள் தயவுசெய்து ஒரு மண்குழியாவது விடுங்கள்.

வயல்வரப்பு:
அருமை, எல்லோருக்கும் நன்றி. மழை தொடங்கியதும் முற்றத்து மண் நனைந்துவிடுகிறது. அப்போது என்ன செய்வது?

கோழிக்கூடு:
கொட்டகைக்குள் சாரல் படாத மூலையில் ஒரு பழைய டயரைப் போட்டு, காய்ந்த மணலும் சலித்த அடுப்புச் சாம்பலும் கலந்து கொட்டுங்கள். சாம்பல் விறகுச் சாம்பலாக, நன்றாக ஆறினதாக இருக்க வேண்டும். மண் நனைந்து கட்டியானால் மாற்றிவிடுங்கள், ஈர மண்ணால் பிரயோஜனம் இல்லை.