ஜஸ்டின் ரோஸ்: தொடர்ந்து 21 கட் மிஸ் பண்ணவர் எப்படி உலக நம்பர் 1 ஆனார்?

நெல்லைக்காரன்:
மக்களே ஒரு சந்தேகம். 2025 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியோட கடைசி நாள் வீடியோ இப்பதான் முழுசா பாத்தேன். எல்லாரும் ஜெயிச்ச மெக்கில்ராய் முழங்கால் போட்டு அழுததையே பேசுறாங்க, அது நியாயம்தான், ஆனா எனக்கு மனசுல நின்னது தோத்த ஆளு, ஜஸ்டின் ரோஸ். 44 வயசு, காலைல ஏழு ஷாட் பின்னால இருந்து கிளம்பி 66 ஷாட்ல முடிச்சு (கோல்ஃப்ல ஷாட் குறைஞ்சாதான் நல்லது), 18-வது கிரீன்ல (குழி இருக்கற புல்தரை) அவ்ளோ தூரத்துல இருந்து பேர்டி (குறிச்ச கணக்கை விட ஒரு ஷாட் கம்மி) போட்டு பிளேஆஃப் (சமமா முடிச்சவங்க ஆடுற கூடுதல் ஆட்டம்) வரைக்கும் கொண்டு வந்துட்டாரு. முடிஞ்சதும் சிரிச்சுக்கிட்டே மெக்கில்ராயை கட்டிப்பிடிக்கிறாரு. யாருப்பா இவருன்னு தேடினா, 17 வயசுல புரொஃபஷனல் ஆகி வரிசையா 21 டோர்னமென்ட்ல கட் மிஸ் பண்ணவர்னு போட்டிருக்கு. இந்த கட் மிஸ் ஆகுறது அவ்ளோ பெரிய விஷயமா? அந்த வயசுல அவரை புரொஃபஷனல் ஆக விட்டது தப்புதானே, வீட்டுல யாரும் தடுக்கலையா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பேர்டி பாபு:
நல்ல கேள்வி ப்ரோ. முதல்ல கட் பத்தி சொல்லிடறேன். சாதாரணமா ஒரு டோர்னமென்ட் நாலு நாள், வியாழன்ல ஆரம்பிச்சு ஞாயிறு முடியும். 150 பேர் வரைக்கும் ஆடுவாங்க, ரெண்டு நாள் முடிஞ்சதும் முதல் 65, 70 பேரையும் அவங்க ஸ்கோருக்கு சமமா இருக்கறவங்களையும் மட்டும் வச்சுக்கிட்டு மத்தவங்களை அனுப்பிடுவாங்க. அப்படி போறவங்களுக்கு பொதுவா ஒத்த பைசா பரிசு கிடையாது, ஃபிளைட், ஹோட்டல், கேடி (கிளப் பை தூக்குறவர்) சம்பளம் எல்லாம் கைக்காசு. இதுவே 21 தடவை வரிசையா. ஒரு வெள்ளிக்கிழமைகூட தப்பிக்கல.

ஆனா அதுக்கு முன்னாடி நடந்தது தெரிஞ்சாதான் இதோட வலி புரியும். 1998 ஜூலை, ராயல் பர்க்டேல்ல பிரிட்டிஷ் ஓபன். ரோஸ் அப்போ அமெச்சூர், ஹாம்ப்ஷயர்ல வளர்ந்த பையன், 18 வயசுகூட ஆகல. ரெண்டாவது நாள் காத்தும் மழையுமா பெரிய பெரிய ஆளுங்கல்லாம் தடுமாறும்போது இவர் 66. கடைசி நாள் கடைசி ஹோல்ல பால் ரஃப்ல (உயரமான புல்லுக்குள்ள) கிடக்கு, கிரீனுக்கு ஒரு 50 கெஜம் இருக்கும், அங்கிருந்து தூக்கிப் போட்டாரு பாருங்க, நேரா குழிக்குள்ள. சுத்தி இருந்த ஜனம் போட்ட சத்தம் இருக்கே, அந்த வீடியோ இப்பவும் கிடைக்கும், தேடிப் பாருங்க. நாலாவது இடத்துல டை. ஜெயிச்ச மார்க் ஓமேராவை விட ரெண்டே ஷாட், மூணாவது வந்த டைகர் வுட்ஸை விட ஒரே ஒரு ஷாட்தான் கூட. அமெச்சூர்ங்கறதால பணம் வாங்க முடியாது, சில்வர் மெடல் மட்டும். மறுநாளே புரொஃபஷனல் ஆயிட்டாரு.

அப்புறம் என்ன ஆச்சுன்னா, டூர் கார்டு (டூர் போட்டிகள்ல தொடர்ந்து ஆடுற உரிமை) இல்ல, அதனால ஸ்பான்சருங்க கூப்பிடுற இடத்துலதான் ஆடணும், பேர் பெருசா ஆயிட்டதால கூப்பிட நிறைய பேர் இருந்தாங்க, போற இடமெல்லாம் கேமரா, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பேப்பர்காரன் எண்ணிக்கிட்டே இருந்தான், பத்து, பதினொண்ணு, பன்னெண்டுன்னு. பேர் தெரியாத பையனா இருந்திருந்தா இதே தோல்விய யாரும் எண்ணியிருக்கவே மாட்டாங்க. 1999-லதான் அந்த தொடர் முடிஞ்சுது, அதே வருஷம் குவாலிஃபையிங் ஸ்கூல்ல (கார்டுக்கான தகுதிப் போட்டி) கார்டு எடுத்தாரு, அதுவும் நிக்கல, திரும்பவும் குவாலிஃபையிங் ஸ்கூல் போக வேண்டி வந்துச்சு.

என் கருத்து கேட்டா தப்பான முடிவுதான். ஒரு வருஷம் அமெச்சூராவே ஆடிட்டு வந்திருக்கலாம்.

மலர்விழி:
பாபு அண்ணா, தப்புன்னு அவ்ளோ சீக்கிரம் சொல்லிட முடியாது. அவரோட அப்பா கென் ரோஸ்தான் அவருக்கு முதல் கோச். ஜோஹன்னஸ்பர்க்ல பிறந்த குழந்தை, நடக்கப் பழகுற வயசுலயே கையில பிளாஸ்டிக் கிளப் குடுத்திருக்காரு. அஞ்சு வயசுல இங்கிலாந்து வந்துட்டாங்க. 11 வயசுல 70-க்கு கீழ ஸ்கோர், 17 வயசுல வாக்கர் கப் (அமெச்சூர்களுக்கான பெரிய அணிப் போட்டி) டீம். புரொஃபஷனல் ஆகணும்ங்கறது பர்க்டேல் பாத்து ஒரு ராத்திரியில எடுத்த முடிவு இல்ல, அந்த டோர்னமென்ட்டுக்கு முன்னாடியே போட்ட திட்டம். பர்க்டேல்ல இப்படி ஆடிடுவாருன்னு யாரும் எதிர்பாக்கல, அதுதான் பாரமா ஆயிடுச்சு.

அதோட அந்த 21 வாரமும் பையன் தனியா இல்ல, அப்பா பக்கத்துலயே இருந்தாரு. தோல்விய மட்டும் வச்சு அப்பாவை குத்தவாளி ஆக்கினா, 2002-ஐ என்ன பண்றது? அந்த வருஷம் ஜனவரில பிறந்த ஊரான ஜோஹன்னஸ்பர்க்லயே டன்ஹில் சாம்பியன்ஷிப் ஜெயிச்சாரு, ஐரோப்பிய டூர்ல முதல் வெற்றி. ஜூன்ல வோபர்ன்ல பிரிட்டிஷ் மாஸ்டர்ஸ், நண்பர் இயன் போல்டரோட நேருக்கு நேர் மோதி ஜெயிச்சாரு. அப்போ கென்னுக்கு ரத்தப் புற்றுநோய், உடம்பு முடியாத நிலைமையிலயும் வந்து பாத்தாரு. செப்டம்பர்ல போயிட்டாரு. மகன் ஜெயிக்கறத கண்ணால பாத்துட்டுத்தான் போனாரு. ரோஸ் ரெண்டு வருஷம் லேட்டா ஆரம்பிச்சிருந்தா இது நடந்திருக்குமான்னு நானே பல தடவை யோசிச்சிருக்கேன்.

2013 யு.எஸ். ஓபன் மெரியன்ல, அதை ரோஸ்தான் ஜெயிச்சாரு. கடைசி நாள் ஜூன் 16, அமெரிக்காவுல அப்பாக்கள் தினம். 18-வது ஹோல்ல ஃபேர்வேல (சீரா வெட்டின புல்வெளி) பால் நின்ன இடம், 1950-ல அமெரிக்க ஜாம்பவான் பென் ஹோகன் அந்த புகழ்பெற்ற 1-அயர்ன் (ஒரு வகை இரும்பு கிளப்) ஷாட் அடிச்ச இடத்துக்கிட்ட, அங்க ஒரு பட்டயமே பதிச்சு வச்சிருக்காங்க. ரோஸ் 4-அயர்ன் எடுத்து அடிச்சாரு, கொடியை ஒட்டிப் போய் கிரீனுக்கு கொஞ்சம் பின்னால நின்னுது, அங்கிருந்து ஒரு மர கிளப்பால மெதுவா தட்டி குழி ஓரத்துல வச்சு பார் (குறிச்ச கணக்குக்கு சமம்) எடுத்தாரு. அப்புறம் வானத்தைப் பாத்து விரலைக் காட்டினாரு. எனக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு, இதை டைப் பண்ணும்போதும் அப்படித்தான் இருக்கு.

நெல்லைக்காரன்:
மலர் அக்கா, இந்தக் கதை எனக்கு சுத்தமா தெரியாது. ரொம்ப நன்றி. அப்போ மேஜர்னு சொல்ற நாலு பெரிய போட்டிகள்ல அவர் ஜெயிச்சது அந்த ஒண்ணுதானா? 2025-ல பாத்த ஆட்டத்துக்கு இன்னும் ரெண்டு மூணு இருக்கும்னு நினைச்சேன்.

ஓல்டு லிங்க்ஸ்:
ஒண்ணுதான் தம்பி. ஆனா அந்த ஒண்ணு எவ்ளோ பெருசுன்னு பாருங்க. யு.எஸ். ஓபனை ஒரு இங்கிலாந்துக்காரர் ஜெயிச்சது 1970-ல டோனி ஜாக்லினுக்கு அப்புறம் அதுதான் முதல் தடவை, எந்த மேஜரா இருந்தாலும் 1996 மாஸ்டர்ஸ்ல நிக் ஃபால்டோவுக்கு அப்புறம் முதல் தடவை. கோல்ஃப் வளர்ந்த தேசத்துக்கு 17 வருஷம் மேஜர் இல்லாம இருந்துச்சு.

எனக்கு ரோஸ் விஷயத்துல ரொம்ப நாளா ஒரு ஆதங்கம். அவரோட பெரிய நாள்லல்லாம் கேமரா வேற ஆள் மேல இருக்கும். மெரியன்ல ஜெயிச்சாரு, மறுநாள் எழுதினது ஃபில் மிக்கல்சன் ஆறாவது தடவையா ரெண்டாவது வந்த சோகத்தை. 2012 ரைடர் கப் (ஐரோப்பா-அமெரிக்கா அணிப் போட்டி), மெடினா, அதே மிக்கல்சனுக்கு எதிரா 17-வது கிரீன்ல 35 அடிக்கு மேல இருந்து ஒரு பட் (கிரீன்ல உருட்டி அடிக்கற ஷாட்) போட்டாரு, 18-லயும் பேர்டி எடுத்து ஆட்டத்தையே திருப்பிட்டாரு, அந்தப் புள்ளி இல்லன்னா ஐரோப்பாவுக்கு கப் கிடையாது, ஆனா ஜனங்க ஞாபகத்துல அதே டீம்ல ஆடின போல்டரோட முறைச்ச கண்ணுதான் இருக்கு. 2018-ல ஃபெடெக்ஸ் கப் (அமெரிக்க டூரோட வருஷ சாம்பியன் பட்டம்) வாங்கின அன்னைக்கு டைகர் அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் ஜெயிச்சு, கூட்டமே அவர் பின்னால ஓடுச்சு. அதே செப்டம்பர்லதான் ரோஸ் உலக நம்பர் 1 ஆனதும்.

மாஸ்டர்ஸ் நடக்கற அகஸ்டாவுல கேக்கவே வேணாம். 2017-ல செர்ஜியோ கார்சியாகிட்ட பிளேஆஃப்ல தோல்வி, 2025-ல மெக்கில்ராய்கிட்ட. மாஸ்டர்ஸ்ல ரெண்டு பிளேஆஃப் தோத்தவங்க இவருக்கு முன்னாடி பென் ஹோகன் ஒருத்தர்தான்.

கட் பத்தி கேட்டீங்கல்ல, ஒரு சேதி சொல்றேன். 2018 பிரிட்டிஷ் ஓபன், கார்னூஸ்டி. வெள்ளிக்கிழமை 18-வது ஹோல்ல பேர்டி போட்டு கட் லைன்ல மயிரிழையில தப்பிச்சாரு. சனிக்கிழமை 64. ஞாயித்துக்கிழமை முடியும்போது ரெண்டாவது இடத்துல டை. 18 வயசுல எந்தக் கோடு இவரை மாசக்கணக்கா வெளிய தள்ளுச்சோ அதே கோட்டை ஒட்டி நின்னு ஆடியிருக்காரு. 2024 பிரிட்டிஷ் ஓபன்ல நேரடியா இடம் இல்ல, குவாலிஃபையிங் ஆடி உள்ள வந்து ட்ரூன்ல மறுபடி ரெண்டாவது. மேஜர் ஜெயிச்ச ஆளு, 43 வயசுல, சின்னப் பசங்களோட வரிசைல நின்னு குவாலிஃபை பண்றதுன்னா எவ்ளோ ஆசை இருக்கணும் அந்த ஆட்டத்து மேல.

தீபா_18:
ஒலிம்பிக்ஸை யாரும் சொல்லலயே! 1904-க்கு அப்புறம் 112 வருஷம் கழிச்சு 2016 ரியோவுல கோல்ஃப் திரும்ப வந்துச்சு. மெக்கில்ராய், ஸ்பீத், ஜேசன் டே, டஸ்டின் ஜான்சன்னு பெரிய ஆளுங்க வரல, ஜிகா வைரஸ் பயம் ஒரு பக்கம், ஒலிம்பிக்ஸ்ல கோல்ஃப் எதுக்குன்னு பேச்சு ஒரு பக்கம். ரோஸ் ஆசையா போனாரு, மத்த விளையாட்டெல்லாம் போய் பாத்தாரு, முதல் நாளே 4-வது ஹோல்ல ஹோல் இன் ஒன் (ஒரே அடியில குழிக்குள்ள), ஒலிம்பிக்ஸ் வரலாறுலயே அதான் முதல்ல. கடைசி ஹோலுக்கு வரும்போது ஸ்வீடன்காரர் ஸ்டென்சனும் இவரும் சமம். ரோஸ் பிட்ச் பண்ணி பக்கத்துல வச்சு பேர்டி, ஸ்டென்சன் போகி (குறிச்ச கணக்கை விட ஒரு ஷாட் கூட). தங்கம்.

இன்னொண்ணு, இது எனக்கு ரொம்ப முக்கியம். 2020 கொரோனா நேரத்துல ஆண்கள் டூர் சீக்கிரம் ஆரம்பிச்சுட்டாங்க, இங்கிலாந்துல பொண்ணுங்களுக்கு ஆட போட்டியே இல்ல. ரோஸும் அவர் மனைவி கேட்டும் காசு போட்டு ரோஸ் லேடீஸ் சீரீஸ்னு ஒரு நாள் போட்டிகள் நடத்த வழி பண்ணாங்க. முதல் போட்டிய ஜெயிச்சது சார்லி ஹல், சீரீஸ் முடிவுல முதல் இடமும் அவங்கதான். தான் ஆடாத ஒரு டூருக்காக எத்தனை பேர் இப்படி செய்வாங்க?

பேர்டி பாபு:
மலர்விழி சொன்ன வோபர்ன் விஷயத்துக்கு என்கிட்ட பதில் இல்ல, அது உண்மைதான். ஆனா இப்பவும் சொல்றேன், ரோஸ் தாக்குப் பிடிச்சதை வச்சு எல்லா 17 வயசுப் பையனையும் இறக்கி விடக்கூடாது. அவரை மாதிரியே வந்து காணாமப் போனவங்க பேர் நமக்குத் தெரியறதில்ல.

நெல்லைக்காரன், அடுத்து 2025 ஆகஸ்ட் மெம்ஃபிஸ் ஆட்டத்தைப் பாருங்க. மாஸ்டர்ஸ்ல தோத்து நாலு மாசம்தான், 45 வயசு ஆயிடுச்சு, ஜே.ஜே. ஸ்பான்தான் அந்த வருஷ யு.எஸ். ஓபன் சாம்பியன், அவரோட ரோஸுக்கு இன்னொரு பிளேஆஃப். மூணாவது ஹோல்ல ரோஸ் பேர்டி போட்டு முடிச்சாரு. அவர் பட் அடிக்கறதுக்கு முன்னாடி எப்படி நிதானமா பாக்குறாருன்னு கவனிங்க, மத்ததை இங்கயே பேசலாம்.